தையல் மிஷின் மக்கர் பண்ணுதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் இதைப் பாருங்க!

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜாக்கெட் துணி வாங்கி வந்து, அரசுத் திட்டத்தில் கிடைத்த மிஷினில் பாரூர் வீட்டில் முதல் தையல் போட உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடலை மிதித்ததும் நாலு தையல் நன்றாக விழுகிறது. ஐந்தாவதில் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, ஊசி அப்படியே நின்றுவிடுகிறது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாலும் அதே கதைதான். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இலவச மிஷினுன்னா இப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று சாயங்காலம் மிஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறீர்கள். அடுத்த மாதம் அதன் மேல் துவைத்த துணி குவிகிறது.

உண்மையில் அந்த மிஷின் கெட்டுப் போகவில்லை. பெரும்பாலும் மேல்நூல் தன் இடத்தில் உட்காராமல் விலகியிருக்கும். இரண்டே நிமிடத்தில் சரி செய்துவிடலாம். அது தெரியாததால் நஷ்டம் பெரிதாகிவிடுகிறது. மிஷின் தலைப்பகுதியைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் காவேரிப்பட்டணத்துக்கோ கிருஷ்ணகிரிக்கோ தூக்கிப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. நம்பித் துணி கொடுத்தவர் அடுத்த முறை வேறு டெய்லரிடம் போய்விடுவார்.

புதிதாகத் தைப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி நான்கே இடங்களில்தான் இருக்கிறது: ஊசி, மேல்நூல், பாபின், தூசு. இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்த பிறகே எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், மெக்கானிக்கைத் தேடிப் போகும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

தையல் எப்படி விழுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்குகிறது. அது மேலே கிளம்பத் தொடங்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் நூல் சின்ன வளையமாக நிற்கும். கீழே இருக்கும் ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றி எடுத்து வரும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். இரண்டு நூலும் சம இறுக்கத்தில் இருந்தால் அந்தப் பின்னல் இரண்டு துணிகளுக்கும் நடுவில் மறைந்துவிடும். மேலே பார்த்தாலும் அடியில் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற மிஷினும் இந்த முறையில்தான் தைத்தது. ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற மிஷினும் அப்படித்தான். உங்கள் வீட்டுக் கறுப்புப் பெடல் மிஷினுக்கும், ஓசூர், பெங்களூரு பக்கத்துக் கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷினுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் 15 நிமிடப் பரிசோதனை

மோட்டார் வைத்த மிஷினாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பெடல் மிஷின் என்றால் பெடலில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பெல்ட்டையும் இறக்கிவிடுவது நல்லது.

ஒன்று, ஊசி. பழைய ஊசியைக் கழற்றும் முன் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கழற்றி, அதன் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். (போன் திரையில் வைக்காதீங்க, கீறல் விழும்.) ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும். முனைப் பக்கம் ஏறியோ இறங்கியோ இருந்தால் ஊசி வளைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். நுனியை நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிசிறு தட்டினாலும் மாற்றிவிடுங்கள்.

புது ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றி, ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைந்து, எதிர்ப்பக்கம் வெளியே வர வேண்டும். மாற்றி மாட்டினால் ஒரு தையல்கூடச் சரியாக விழாது.

இரண்டு, மேல்நூல். முழுவதும் உருவி எடுத்துவிட்டு, முதலிலிருந்து கோருங்கள். கோர்க்கும்போது பிரஷர் ஃபுட் மேலே தூக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். ஃபுட்டை இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். கண்ணுக்குக் கோர்த்த மாதிரிதான் தெரியும், ஆனால் பிடிமானம் இருக்காது. மேலும் கீழும் ஏறி இறங்கும் லீவரின் துளையிலும் நூல் நுழைந்திருக்க வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடும் இடம் இதுதான்.

கோர்த்த பிறகு ஒரு சின்ன சோதனை. ஃபுட்டைத் தூக்கி வைத்து நூலை இழுத்தால் லகுவாக வர வேண்டும். ஃபுட்டை இறக்கி இழுத்தால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். இறக்கிய பிறகும் லகுவாக வருகிறது என்றால் நூல் தட்டுக்குள் உட்காரவில்லை. மறுபடி கோருங்கள்.

மூன்று, பாபின். நூல் மேடு பள்ளமாகச் சுற்றியிருந்தால் பிரித்து, சீராக மறுபடி சுற்றுங்கள். விளிம்பு வரை அடைத்துச் சுற்ற வேண்டாம். பாபினை பாபின் கேஸில் போட்டு, நூலைப் பிளவில் இழுத்து, ஸ்பிரிங்குக்கு அடியில் கொண்டு வாருங்கள். பாபினிலிருந்து வரும் நூல் பிளவில் திரும்பி, வந்த பக்கமே மடங்கிப் போக வேண்டும். திரும்பாமல் நேராகப் போனால் பாபினைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். கேஸை மிஷினில் மாட்டும்போது 'க்ளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.

நான்கு, தூசு. ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவில் பஞ்சு அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். பழைய டூத் பிரஷ்ஷால் துடையுங்கள். ஷட்டில் இருக்கும் குழியைப் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அறுந்த நூல் துணுக்கு ஒன்று அங்கே சிக்கியிருந்தாலும் மிஷின் ஓடாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும்.

இந்த நான்கும் முடிந்ததும் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். தொடங்கும்போது இரண்டு நூலையும் ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்து, முதல் மூன்று நான்கு தையல் வரை பிடித்துக்கொள்ளுங்கள். கைச்சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கியே சுற்ற வேண்டும். பெடல் பழகாதவர்களுக்குச் சக்கரம் திடீரென்று பின்பக்கமாகச் சுற்றிவிடும், நூல் அந்த நொடியே சிக்கும் அல்லது அறும். துணியும் நூலும் இல்லாமல், ஃபுட்டைத் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் வெறும் பெடல் மிதித்துப் பழகினால் இந்தத் தொல்லை போய்விடும்.

என்ன தொல்லை, எங்கே பார்ப்பது?

"அடியில நூல் கொத்தா சுருளுது." அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். அடியில் சிக்கினால் மேலே பாருங்கள். மேல்நூலுக்குப் பிடிமானம் இல்லாததால்தான் அது வேண்டிய அளவுக்கு மேல் கீழே இறங்கிச் சுருள்கிறது. நூல் டென்ஷன் தட்டிலும் லீவரிலும் இருக்கிறதா, பிரஷர் ஃபுட்டை இறக்கினீர்களா என்று பாருங்கள்.

"தையல் விட்டு விட்டு விழுது." இதற்குப் பெரும்பாலும் ஊசிதான் காரணம். வளைந்த ஊசி, முழுக்க மேலே ஏறாத ஊசி, துணிக்குப் பொருந்தாத ஊசி எதுவாக இருந்தாலும் கொக்கிக்கு வளையம் கிடைக்காது. மெல்லிய ஜாக்கெட் துணிக்கு 11-ஆம் நம்பர், சாதாரணக் காட்டனுக்கும் சீருடைத் துணிக்கும் 14, பேண்ட் மடிப்பு போன்ற கனமான இடத்துக்கு 16, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி பாக்கெட்டில் 75/11, 90/14, 100/16, 110/18 என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன.

"மேல்நூல் அறுந்துக்கிட்டே இருக்கு." மேல் டென்ஷன் அதிக இறுக்கம், ஊசிக் காதில் பிசிறு, ஊசிக்குத் தடிமனான நூல், நாளாகி இற்றுப்போன நூல் இவற்றில் ஒன்றாக இருக்கும். நூலைக் கையில் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் அந்தக் கண்டை ஒதுக்கிவிடுங்கள். கண்டு சுழலும் இடத்தில் நூல் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

"துணி நகரமாட்டேங்குது." தையல் நீளம் காட்டும் லீவர் பூஜ்யத்தில் இருக்கலாம், அல்லது பற்களில் பஞ்சு அடைத்திருக்கலாம். எம்பிராய்டரிக்காகப் பற்களை இறக்கியவர்கள் திரும்ப ஏற்ற மறந்திருக்கலாம். துணியைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும், தெறிக்கும் துண்டு கண்ணில் படலாம். கையால் துணிக்கு வழி மட்டும் காட்டுங்கள், நகர்த்துவது பற்களின் வேலை.

"சக்கரம் சுத்துது, ஊசி அசையல." பாபின் சுற்றுவதற்காகக் கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தியிருப்பீர்கள். திரும்ப இறுக்க மறந்துவிட்டீர்கள். அவ்வளவுதான்.

"பெடல் மிதிச்சா சக்கரம் வழுக்குது." பெல்ட் தளர்ந்துவிட்டது. தோல் பெல்ட் நாளாக நாளாக நீளும். கொஞ்சமாக வெட்டி, அதே கம்பிக் கிளிப்பை மாட்டலாம். ஒரே வெட்டில் நிறைய வெட்டினால் மிஷின் கனத்துவிடும்.

"தைத்த இடம் சுருங்கிக்கிட்டு நிக்குது." மெல்லிய துணியில் தடித்த ஊசி, அல்லது டென்ஷன் அதிகம். ஊசியை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

டென்ஷன்: கலர் நூல் வைத்துப் படியுங்கள்

மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகும் தையல் அழகாக விழவில்லை என்றால்தான் டென்ஷன் பக்கம் போக வேண்டும். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, நீங்கள் தைக்கப்போகும் அதே துணியில் ஒரு துண்டை இரட்டையாக மடித்து ஒரு சாண் நீளம் தையுங்கள்.

அடிப்பக்கம் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு. மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். டென்ஷன் திருகை வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருகி, தைத்துப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. திருகும் முன் இருந்த நிலையைப் போட்டோ எடுத்து வைத்தால், குழம்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

பாபின் கேஸில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: நூலைப் பிடித்து, பாபினோடு கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. கையை லேசாக உதறினாலும் அசையாவிட்டால் இறுக்கம். உதறும்போது ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரியாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு

கம்பெனியில் பவர் மிஷின் ஓட்டிவிட்டு, குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே தைக்க உட்காரும் பெண்கள் நம் எல்லையோர ஊர்களில் உண்டு. கை வேகம் இருக்கும், ஆனால் மிஷின் ஒத்துழைக்காது. காரணம் பல நேரம் ஊசிதான். பவர் மிஷின் ஊசியின் மேல்தண்டு முழு வட்டமாக இருக்கும், பாக்கெட்டில் டிபி×1 என்று போட்டிருக்கும். வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதில் எச்ஏ×1 என்று இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. 'கம்பெனி ஊசி நல்லா இருக்கும்' என்று வாங்கி வந்து மாட்டினால் தையல் விட்டு விட்டுத்தான் விழும். கடையில் நம்பர் மட்டும் சொல்லாமல், "வீட்டு மிஷின் ஊசி" என்று சொல்லி வாங்குங்கள்.

எண்ணெய்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்

மிஷின் கனமாக ஓடினால் சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். பிறகு அந்த எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்து, பஞ்சோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும். கடையில் தையல் மிஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள். தினமும் தைப்பவர்கள் வாரம் ஒரு முறை, மேலே இருக்கும் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் ஷட்டில் குழியிலும் ஒரு சொட்டு விட்டால் போதும். எண்ணெய் விட்டதும் பழைய துணியில் சில நிமிடம் தையுங்கள். நேராக வாடிக்கையாளரின் பட்டுத்துணியை வைத்துவிட்டால் கறை விழும், அதற்கு யார் பதில் சொல்வது?

எப்போது மெக்கானிக்?

புது ஊசி போட்டு, சரியாகக் கோர்த்து, சுத்தம் செய்த பிறகும் ஒரு தையல்கூட விழாவிட்டால், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தவறியிருக்கலாம். ஊசி தகட்டில் மோதுவது, உள்ளே இரும்பு உரசும் சத்தம், ஷட்டில் கொக்கியின் முனை உடைந்திருப்பது, மோட்டாரில் கருகல் வாடை ஆகியவையும் மெக்கானிக் பார்க்க வேண்டியவைதான். யூடியூப் பார்த்து அந்த இடங்களைப் பிரிக்க வேண்டாம்.

போகும் முன் மிஷின் ஓடும் சத்தத்தோடு ஒரு சின்ன வீடியோவும், தைத்த துண்டுத் துணியின் இரண்டு பக்கப் போட்டோவும், மாடல் எண்ணின் போட்டோவும் எடுத்து மெக்கானிக்குக்கோ, தையல் கற்றுக்கொடுத்த டீச்சருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல நேரம் பதில் போனிலேயே கிடைத்துவிடும், தலைப்பகுதியைத் தூக்கிக்கொண்டு போகும் அலைச்சல் மிச்சம். வாரண்டி அட்டை இருந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளியாட்களிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

இன்னும் மிஷின் இல்லையா?

சமூக நலத்துறை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கிய பெண்கள் ஆகியோருக்கானது இது. தையல் தெரியும் என்பதற்கான சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வயதுச் சான்று, ஆதார், போட்டோ ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வயது, வருமான வரம்பை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகவும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மோட்டார் பொருத்திய இயந்திரம் வழங்குகிறது.

வருமானச் சான்றிதழ், கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பாரூர் பகுதி மக்களுக்குப் போச்சம்பள்ளிதான் வட்டத் தலைமையிடம். சான்றிதழுக்கு நிர்ணயித்த கட்டணம் செலுத்தி ரசீது வாங்குங்கள். 'மிஷின் வாங்கித் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் புகார் சொல்லுங்கள்.

தையல் சான்றிதழ் இல்லாதவர்கள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சேரலாம். பெண்களுக்கான தையல் பயிற்சி அங்கே சுமார் ஒரு மாதம், இலவசமாக நடக்கிறது. கை பழகிய பிறகு, மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக முடியுமா என்று சமூக நல அலுவலகத்திலேயே கேளுங்கள். சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் விலையில்லாச் சீருடை வழங்குகிறது. அதைத் தைப்பது இந்தச் சங்கங்களின் பெண்கள்தான். அங்கே ஒரு தையல் விட்டுப்போனாலும் பிரித்துத் தைக்க வேண்டி வரும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால்தான் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களை முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

இந்தப் பக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள். ஊசி, மேல்நூல், பாபின், தூசு என்ற வரிசையை ஒரு காகிதத்தில் எழுதி மிஷின் பலகையில் ஒட்டிவிடுங்கள். உங்கள் தெருவில் துண்டு போட்டு மூடிய மிஷின் ஏதாவது இருந்தால், அந்த வீட்டு அக்காவுக்கும் இதை அனுப்புங்கள். முடிந்தால் ஒரு புது ஊசியோடு நேரிலேயே போய்ப் பாருங்கள்.